இரண்டாம் குரல்காரி ஆரோக்கியம்மாள்

1967ஆம் வருஷம் வைகாசி மாதத்தில் திண்டுக்கல்லிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் ஒரு பேச்சு மளமளவென்று பரவியது. கூடப்பிறந்த அண்ணனைக் குழிக்குள் இறக்கி வைத்துவிட்டு, ஊர் ஜனம் மொத்தமும் பார்த்துக்கொண்டு நிற்க, ஆரோக்கியம்மாள் என்கிற பெண்பிள்ளை அந்தச் சாவுப் பாட்டையே பழித்துக் காட்டிப் பாடினாளாம்! கேட்டவர்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். "அடிப்பாவி! இப்படியும் ஒரு தங்கச்சியா?" என்றார்கள்.

ஆரோக்கியம்மாள் யாரையும் பழிக்கவில்லை. அவள் பாடியது அதே பாட்டைத்தான். அதில் ஒரு சொல் மாறவில்லை, ஓர் இழுப்புக் குறையவில்லை. பிறகு எப்படி அந்த விபரீதம் நடந்தது? அதைச் சொல்ல வேண்டுமானால் அவள் கோயில் பாடகர் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து சொல்ல வேண்டும்.

ஆரோக்கியம்மாளுக்கு ஒரு சுருட்டுக் கம்பெனியில் வேலை. புகையிலையின் நடு நரம்பை உரித்து எடுத்துவிட்டு இலையை நீவி அடுக்குகிற வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த நெடியில் உட்கார்ந்திருந்து உட்கார்ந்திருந்து அவள் தொண்டை கனத்துப் போயிருந்தது. புருஷன் சூசைமுத்து பூட்டுப் பட்டறையில் அரத்தால் சாவி ராவுகிறவர். ஒரே மகள் பிலோமினாள். 1953இல் ஒரு நாள் கோயிலில் ஜனங்களோடு ஜனமாக அவள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்ததை ராயப்பன் மாஸ்டர் கேட்டுவிட்டார். பள்ளிக்கூட வாத்தியார் அவர். கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவரும் அவர்தான்.

"ஏம்மா, உன் பேரென்ன? ஒன்ன மாதிரி அடித்தொண்டைக் குரல்தான் ரெண்டு வருசமாத் தேடுறேன். வியாழக்கெழம கன்னியர் மடத்துக்கு வந்துரு" என்றார்.

"எனக்குப் பாட்டெல்லாம் வராது சாமி."

"யாரு பாட்டுப் பாடச் சொன்னா? ரெண்டாம் குரல் பாடச் சொல்றேன்."

அவர் விளையாட்டாகச் சொன்னார். ஆனால் அந்த வார்த்தைதான் ஆரோக்கியம்மாளின் தலையெழுத்தாகப் போயிற்று.

ராயப்பன் மாஸ்டரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரே பாட்டை நான்கு பிரிவினர் ஒரே நேரத்தில் வேறு வேறு மெட்டில் பாட வேண்டும்; ஆனால் அந்த நான்கு குரல்களையும் அவர் ஒன்றாக வைத்துப் பழக்க மாட்டார். செவ்வாய்க்கிழமை முதல் குரல்காரிகள். மடத்துப் பள்ளி டீச்சர்கள், மெல்லிய தொண்டைக்காரப் பெண்கள். வியாழக்கிழமை இரண்டாம் குரல்காரிகள்; ஆரோக்கியம்மாளும் அவளைப்போல இன்னும் நாலைந்து பேரும். ஆம்பிளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் தனியாக நடக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயில் மேல்மாடியில்தான் நான்கும் ஒன்று கூடும். அங்கேயும் ஒரு சங்கடம். பக்கத்தில் முதல் குரல் பாடுவதைக் கேட்டால் இரண்டாம் குரல்காரிகள் தங்களை அறியாமல் அதன் பின்னாலேயே போய்விடுவார்கள். மாஸ்டர் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆளுக்குக் கொஞ்சம் பஞ்சு கொடுத்து, டீச்சர்கள் நிற்கிற பக்கத்துக் காதில் அடைத்துக்கொள்ளச் சொன்னார்.

"அவுக என்ன பாடுனா உனக்கென்ன? வீடு இடிஞ்சு விழுந்தாலும் நீ உன் வழியில போ" என்பார்.

ஆரோக்கியம்மாள் அப்படியே போனாள். ஒரு வருஷம் இல்லை, இரண்டு வருஷம் இல்லை, பதினான்கு வருஷம்! பிள்ளைப் பேற்றுக்குப் போன பெண்கள் குழுவை விட்டார்கள், கல்யாணமாகிப் போனவர்கள் விட்டார்கள். அவள் ஒருத்தி அசையவில்லை. "ஆரோக்கியம் நின்னா மத்தவ எல்லாம் அவளப் பிடிச்சுக்கிட்டு நிப்பாளுக" என்று மாஸ்டரே சொல்வார்.

1965இல் கோயிலில் பெரிய மாற்றம் வந்தது. அதுவரை இலத்தீனில் நடந்த பூசை தமிழில் நடக்க ஆரம்பித்தது. புதிதாக வந்த இளம் சாமியார் மரியநேசன் சங்கீதம் படித்தவர். பழைய பாட்டுகளை மொழிபெயர்த்துப் பாடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. தமிழ்ச் சொற்களை வைத்து, நம் ராகங்களின் சாயலிலேயே, நான்கு குரலுக்கும் புதிய பாட்டுகளை அவரே எழுதினார். முதல் ஞாயிறு அதைக் கேட்ட ஜனங்கள் திகைத்துப் போய்விட்டார்கள்.

"என்னய்யா இது, நாலு பேரு நாலு தெசைக்கு இழுக்குறாக? தேரா, பாட்டா?" என்று கோயில் வாசலிலேயே ஒருவர் சத்தம் போட்டார்.

ஆனால் சாமியார் எழுதிய அடக்கப் பாட்டு ஒன்று எல்லோர் வாயையும் அடைத்துவிட்டது.

"வாசல் திறந்து வையும் தந்தையே, வழி நடந்து களைத்து வந்தேன்" என்று தொடங்கும் அது. முதல் குரல் "தந்தையே" என்கிற இடத்தில் கையை நீட்டி மேலே எட்டிப் பார்ப்பதுபோல ஏறும். அதே இடத்தில் இரண்டாம் குரல் ஒரு படி இறங்கிக் கீழே மண்டியிடும். இரண்டும் சேரும்போது கல் மனசும் கரையும். அந்தப் பாட்டை, கிராமங்களில் ஜெபம் நடத்தும் உபதேசியார்கள் கேட்டுக்கொண்டு போய்த் தங்கள் ஊர்களில் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்கள் நாலு குரலுக்கு எங்கே போவார்கள்? முதல் குரலை மட்டும் கொண்டு போனார்கள். இரண்டே வருஷத்தில் கொடைரோடு வரைக்கும், நத்தம் வரைக்கும், வேதக்காரர்கள் வீட்டில் எங்கே சாவு விழுந்தாலும் அந்தப் பாட்டுத்தான்.

1966 கிறிஸ்துமஸ் சமயத்தில் பள்ளிக்கூட மண்டபத்தில் குழுவினர் ஒரு கச்சேரி வைத்தார்கள். திண்டுக்கல்லுக்கே அது புதுசு. தோல் மண்டி முதலாளிகளிலிருந்து பூட்டுப் பட்டறைக்காரர்கள் வரை வந்து உட்கார்ந்திருந்தார்கள். சித்தையன்கோட்டைக்கு அந்தப்பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆரோக்கியம்மாளின் அண்ணன் சந்தியாகு, வெங்காய மூட்டையை இறக்கிப் போட்ட கையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அடக்கப் பாட்டு முடிந்தபோது அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏத்தா, அம்புட்டுப் பேருல உன் குரலு எதுன்னு கண்டுபிடிக்க முடியலயே!"

"அப்படிக் கண்டுபிடிச்சுட்டா மாஸ்டரு வைவாருண்ணே" என்று அவள் சிரித்தாள்.

"நல்லாக் கேட்டுக்க. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீதான் அந்தப் பாட்டப் பாடி என்னய அனுப்பணும். வேற ஒருத்தரு வாயத் தொறக்கக் கூடாது."

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சுண்ணே இது!"

பக்கத்தில் நின்ற அண்ணன் மனைவி செபஸ்தியம்மாள் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். "ஒங்க அண்ணனுக்கு வெவஸ்தையே கெடையாது. மகன் கல்யாணத்துக்குப் பாட்டுக் கேக்க மாட்டாரு, சாவுக்குக் கேப்பாரு."

மகன் கல்யாணம் என்றால் வேறு யாருக்கு? சந்தியாகுவின் மகன் இன்னாசிக்கும் ஆரோக்கியம்மாளின் மகள் பிலோமினாளுக்கும்தான். சொந்தத்தில் முடிப்பதற்குத் திருச்சி ஆயரிடமிருந்து அனுமதிக் கடிதமும் வந்துவிட்டது. வைகாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஊர்க் கோயில்களிலும் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லலாம் என்று ஜனங்கள் முன்னால் மூன்று ஞாயிறு வாசிப்பார்களே, அந்த ஓலை. பெயரைக் கேட்டதும் பிலோமினாள் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை ஆரோக்கியம்மாள் புகையிலைக் கட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது, சூசைமுத்து பட்டறைத் துணியோடு கம்பெனி வாசலில் வந்து நின்றார். அவர் அந்த நேரத்தில் அங்கே வருகிறவரே இல்லை.

"ஆரோக்கியம், கெளம்பு."

"என்னங்க? பிலோமிக்கு என்ன?"

"புள்ளைக்கு ஒண்ணுமில்ல. ஒங்க அண்ணன் கெணத்து மேட்டுல நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு விழுந்துட்டாராம்."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துட்டாகளா?"

சூசைமுத்து இல்லை என்று தலையாட்டினார். அவள் மடியில் இருந்த இலைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன.

மறுநாள் காலையில் அடக்கம். அந்த ஊர் உபதேசியார் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். ஜெபம் சொல்ல வந்த பெரிய சாமியாருக்குப் பாட்டு வராது. உடலைச் சுமந்து வந்த தூம்பாப் பெட்டியைக் குழிக்கரையில் இறக்கினார்கள். கயிறு கட்டி உடலைக் கீழே விட்டார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டு, "யாராவது பாடுங்க" என்றார்.

பாட்டுத் தெரிந்த பெண்கள் பலர் அங்கே இருந்தார்கள். ஒருத்தி வாயைத் திறக்கப் போனாள். இன்னாசி கையமர்த்தினான். "யாரும் பாடாதீங்க. அத்தைதான் பாடணும்னு அப்பா சொல்லியிருக்காரு." பிறகு அழுத கண்ணோடு அத்தையைப் பார்த்தான். "பாடுங்க அத்தை."

கூடியிருந்த இருநூறு பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள். டவுன் கோயிலில் பாடுகிறவள், மேடையேறிக் கச்சேரி செய்தவள் பாடப் போகிறாள்!

ஆரோக்கியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினாள். "வாசல் திறந்து வையும்..."

ஐயோ! அவள் தொண்டையிலிருந்து என்ன வந்தது தெரியுமா? இரண்டாம் குரல்! மேலே ஏற வேண்டிய இடத்தில் அது ஏறவில்லை. ஒரே இடத்தில் நின்றது, கொஞ்சம் அசைந்தது, மறுபடியும் அங்கேயே வந்து நின்றது. கடைக்காரன் சாமான் பட்டியலை வாசிப்பதுபோலப் போயிற்று. "தந்தையே" என்ற இடத்தில், ஊர் மொத்தமும் மனசுக்குள் மேலே போகக் காத்திருந்தபோது, அது விசுக்கென்று கீழே இறங்கியது.

ஆரோக்கியம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது என்ன பாட்டு? கோயிலில் பாடும்போது இப்படியா இருந்தது? மனசில் நிஜப் பாட்டு எங்கேயோ தூரத்தில் கேட்பதுபோல இருக்கிறது. அதை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறாள். தொண்டை கேட்க மாட்டேன் என்கிறது! பதினான்கு வருஷம் நடந்த தடத்தில் வண்டிமாடு போவதுபோல அது தன் பாட்டுக்குப் போகிறது. நிறுத்தவும் முடியவில்லை. அண்ணன் கேட்ட பாட்டை எப்படிப் பாதியில் நிறுத்துவது?

"டவுனுல இப்படித்தான் பாடுவாகளோ?" என்று பின்னால் ஒரு கிழவர் முணுமுணுத்தார். சின்னப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு களுக்கென்று சிரித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பு செபஸ்தியம்மாளின் காதில் விழுந்தது. மயங்கிக் கிடந்தவள்போல இருந்தவள் சடாரென்று எழுந்தாள். தலைமுடி அவிழ்ந்து தொங்கியது.

"ஐயோ, என் ராசாவப் பழிச்சுக் காட்டுறாளே! கெடக்குற பொணத்துக்கு எளக்காரப் பாட்டுப் பாடுறாளே! நிறுத்துடி! உன் வாயில மண்ணு விழுக, நிறுத்துடி!"

குழியில் போடுவதற்காகக் கையில் வைத்திருந்த மண்ணை அவள் ஆரோக்கியம்மாளின் மேல் வீசினாள். அது நெற்றியிலும் திறந்திருந்த வாயிலும் விழுந்தது.

இரண்டு நாள் கழித்து அண்ணன் ஊரிலிருந்து ஆள் வந்தது. பக்கத்துத் தோட்டத்து ஆண்டிச்சாமி. கொடுத்த தண்ணீரைக்கூட அவர் குடிக்கவில்லை.

"நான் சொல்லச் சொன்னதச் சொல்ல வந்தவன் தாயி, என்னயக் கோவிச்சுக்காதீக. ரெண்டாம் ஓலைய வாசிக்க வேணாம்னு ஒங்க மதினி கோயில்ல சொல்லிப்புட்டாக. முப்பதாம் நாளு பூசைக்கும் இங்கிட்டிருந்து யாரும் வர வேணாமாம்."

அடுப்படியில் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. பிலோமினாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோயிலில் ஒரு முறை பெயர் வாசித்து நின்றுபோன பெண்ணை இனி எவன் வந்து கேட்பான்?

"பாடத் தெரியாட்டிப் பேசாம இருந்திருக்கலாம்லம்மா?" என்று மட்டும் அவள் கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் ஆரோக்கியம்மாளுக்கு உயிர் பாதி போய்விட்டது.

பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவி இடியாப்பம் அவித்து விற்கிறவள். சங்கதி அறிந்து அவள் இடியாப்பத் தட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

"நானும் கேக்கணும்னு இருந்தேன் ஆரோக்கியம். தப்பா நெனைக்காத. பத்து வருசமா நீ பாத்திரம் வெளக்கையில பாடுறதச் செவுத்துக்கு இங்கிட்டு நின்னு கேக்குறேன். ஒரு பாட்டாச்சும் என் மனசுல நிக்கணும்ல? நிக்க மாட்டேங்குது. ஆளில்லாத வீட்டுக்கு வந்துட்டுத் திரும்பிப் போன மாதிரியே இருக்கும்."

"ஏன் அத முன்னாடியே சொல்லல அக்கா?"

"அல்லா சத்தியமா எனக்கென்ன தெரியும்? ஒங்க வேதத்துப் பாட்டு அப்படித்தான் போலன்னு நெனைச்சேன்."

சூசைமுத்துகூடச் சிரித்துவிட்டார். ஆரோக்கியம்மாள் சிரிக்கவில்லை. தான் பாடியது பாதிப் பாட்டுத்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கொடியில் கிடந்த சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு நேராக ராயப்பன் மாஸ்டர் வீட்டுக்குப் போனாள்.

"மாஸ்டர், எனக்கு முதல் குரலச் சொல்லிக் கொடுங்க."

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்கு? டீச்சருங்க பாடுறாங்களே."

"முப்பதாம் நாளுக்குள்ள எனக்கு அந்தப் பாட்டு வேணும். எங்க அண்ணன் குழியில நான் பாதிப் பாட்டப் பாடிட்டு வந்திருக்கேன்."

நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆர்மோனியத்தை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். அன்றைக்கும் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் சொல்லிக்கொடுத்தார். ஆர்மோனியத்தோடு பாடும்போது நாலு சொல் சரியாக வரும். அவர் கையை எடுத்த மறுநிமிஷம் குரல் கீழே சறுக்கிவிடும். ஆறாம் நாள் மாஸ்டர் பெட்டியை மூடினார்.

"என்னால ஆகலம்மா. நான் உன்னய நல்லாப் பழக்கிட்டேன்" என்றார். அதைச் சொல்லும்போது அந்தப் பெரிய மனிதர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

முப்பதாம் நாள் வந்தது. போக வேண்டாம் என்று சூசைமுத்து தடுத்தார். "வாசல்லயே நிறுத்தி அசிங்கப்படுத்துவா" என்றார்.

"படுத்தட்டும். எம் மகளுக்காக அவ கால்ல விழுந்தா என்ன கொறைஞ்சு போச்சு?"

பூசை முடிந்து ஜனங்கள் வீட்டுக்குத் திரும்பிய நேரத்தில் ஆரோக்கியம்மாள் போய்ச் சேர்ந்தாள். பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் வெஞ்சனம் வைத்துக்கொண்டிருந்தவர் கரண்டியை வாளிக்குள்ளேயே விட்டுவிட்டார். உள்ளே சந்தியாகுவின் படத்துக்கு முன்னால் செபஸ்தியம்மாள் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள்.

"வந்துட்டாளா பாடகி! இன்னைக்கு என்ன பாட்டு? படத்துக்கும் ஒரு நக்கல் இருக்கா?"

"மதினி, அண்ணன் மேல ஆணையா நான் நக்கல் பண்ணல. கோயில்ல நான் ரெண்டாம் குரலு. எனக்குத் தெரிஞ்சது அது மட்டுந்தான்."

"என்னடி ரெண்டாம் குரலு? ஒருத்திக்கு எத்தனை குரலு இருக்கும்? வீட்டுல ஒண்ணு, சாவு வீட்டுல ஒண்ணா?"

பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

"இல்ல மதினி, ஒருத்தரு மேல பாடுவாக, நான் கீழ..."

"கீழயா? எதுக்குக் கீழ? உங்க அண்ணன் கீழ போனாருன்னு நீயும் கீழ பாடுனியா? எனக்குக் கதை சொல்றியா?" செபஸ்தியம்மாள் எழுந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. "எழுத்து வாசிக்கத் தெரியாதவ நானு. டவுனு தெரியாதவ. எனக்கே அந்தப் பாட்டுத் தெரியும்டி! பாட்டுன்னா இப்படிப் பாடணும். கேளு! காதத் தொறந்து கேளு!"

விரலை நாத்தனாரின் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு அவள் பாட ஆரம்பித்தாள். கோபத்தில்தான் ஆரம்பித்தாள். "வாசல் திறந்து வையும்" என்பதை அடிப்பதுபோலப் பாடினாள். ஆனால் அந்தச் சொற்கள் யாரைத்தான் விட்டன? "தந்தையே" என்று ஏறும்போது அவள் குரல் தழுதழுத்தது. நீட்டிய விரல் தானாகக் கீழே இறங்கியது. பக்கத்தில் புருஷன் படத்தில் சிரிக்கிறார். நிறுத்த மனசு வராமல் அவள் பாடிக்கொண்டே போனாள்.

ஆரோக்கியம்மாள் வேண்டுமென்று செய்யவில்லை. கைகூப்பி நின்றிருந்தவளின் தொண்டை தானாகத் திறந்தது. மதினியின் குரல் ஏறிய இடத்தில் அவள் குரல் இறங்கியது. அது நின்ற இடத்தில் இது மெல்ல அசைந்து தாங்கிக்கொண்டது.

அறையில் இருந்தவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டு பெண்கள் பாடுகிறார்கள்; கூடவே வேறு யாரோ பாடுவதுபோல இருந்தது. பந்தலில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

செபஸ்தியம்மாள் பயந்துபோய் நிறுத்தினாள். நிறுத்தியதும் ஆரோக்கியம்மாளின் குரல் தனியாக நின்றது. அன்றைக்குக் குழி மேட்டில் கேட்ட அதே பாட்டு! பட்டியல் வாசிக்கிற அதே குரல்! செபஸ்தியம்மாள் நாத்தனாரின் வாயையே வெறித்துப் பார்த்தாள். விட்ட இடத்தை மறுபடி எடுத்துத் தயங்கித் தயங்கிப் பாடினாள். உடனே அந்தக் குரல் வந்து அவள் குரலுக்குக் கீழே சேர்ந்துகொண்டது. மறுபடி நிறுத்தினாள். மறுபடி பாடினாள். குழந்தை விளக்குத் திரியை ஏற்றி இறக்கிப் பார்ப்பதுபோல மூன்று தடவை செய்து பார்த்தாள்.

"ஆத்தாடி!" என்று வாயில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "இதுவா? இதத்தான் அன்னைக்குப் பாடுனியா?"

ஆரோக்கியம்மாளும் அதிர்ந்துபோய் நின்றாள். தன் குரலும் மேல் குரலும் ஒன்றாகச் சேர்வதை, காதில் பஞ்சு இல்லாமல், அவள் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டாள். இவ்வளவு அழகான ஒன்றுக்குக் கீழேயா இத்தனை வருஷம் நின்றிருந்தோம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"ஏன்டி, இதுக்கு மேல பாட ஒரு ஆளு வேணும்ல? சொல்லித் தொலைச்சிருந்தா நான் பாடியிருக்க மாட்டேனா? தனியா நின்னு... அம்புட்டு ஜனத்துக்கு முன்னாடி... நான் மண்ண அள்ளிப் போட்டேனே! உன் வாயிலல்ல போட்டேன்!"

"அன்னைக்கு எனக்கே தெரியாதே மதினி! தெரிஞ்சாத்தான சொல்லுவேன்?"

இருவரும் கட்டிக்கொண்டு அழுத அழுகையை எழுதிக் காட்ட முடியாது. கூட இருந்த பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். வெஞ்சனக்காரர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அழுகை ஓய்ந்ததும் செபஸ்தியம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். நாத்தனாரின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வா. அவருகிட்டப் போயி ஒழுங்காப் பாடிட்டு வருவோம்."

"ஜனம் சாப்பிட உக்காந்திருக்கு மதினி. வெயிலு வேற..."

"சனம் எங்கயும் ஓடிறாது. முப்பது நாளா அந்த மனுசன் பாதிப் பாட்டோட கெடக்காரு. வாடி!"

உச்சி வெயிலில் இரண்டு பெண்களும் செருப்பில்லாமல் கல்லறைக்கு நடந்தார்கள். பின்னால் என்ன நடக்கிறதென்று புரியாத இன்னாசி தூரமாக வந்துகொண்டிருந்தான். மண்மேடு இன்னும் அமுங்கவில்லை. அதன் தலைமாட்டில் ஒருத்தியும் கால்மாட்டில் ஒருத்தியுமாக நின்றார்கள். செபஸ்தியம்மாள் எடுத்துக்கொடுத்தாள். ஆரோக்கியம்மாள் கீழே சேர்ந்தாள். நடுவில் ஓரிடத்தில் செபஸ்தியம்மாளுக்கு வார்த்தை மறந்துபோயிற்று. அந்த இடத்தில் மட்டும் ஆரோக்கியம்மாள் ஒற்றைக்குப் பாடி, மதினி வந்து சேரும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை அவளுக்குப் பயம் இல்லை.

பாட்டு முடிந்தது. பிறகு செபஸ்தியம்மாள் திரும்பிப் பார்த்தாள். மகன் வேலி ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"ஏலே, அங்க என்ன நிக்கிற? கோயிலுக்கு ஓடு. ஞாயித்துக்கெழம ரெண்டாம் ஓலைய வாசிக்கணும்னு ஒங்காத்தா சொன்னான்னு சொல்லு."

இன்னாசி அத்தையின் முகத்தைப் பார்த்தான், அம்மாவின் முகத்தைப் பார்த்தான். நம்பிக்கை வரவில்லை.

"நெசமாவா சொல்ற?"

"பின்ன, பாடியா காட்டணும்? ஓடுலே!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் வரப்பின்மேல் ஓடினான். ஆரோக்கியம்மாள் அண்ணனின் மண்ணோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.